ஆமாம் போடாத பதில்கள்

(நெல்லை, குமரி மாவட்டக் கொடை விழாக்களில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வில்லடித்துக் கதை சொல்லிவரும் அண்ணாவி (வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவர்) ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார். பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பெயரைப் போட்டால் கடன் கொடுத்தவர்களும் வாசிப்பார்கள்" என்பது அவர் சொன்ன காரணம்.)

அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வயது? மேடையில் பார்த்தால் ஐம்பது போலவும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால் எண்பது போலவும் தெரிகிறீர்களே?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், வள்ளியூர்*

மேடையில் தெரிவது முகப்பவுடரின் வயது. நிறுத்தத்தில் தெரிவது பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தின் வயது. பள்ளிக்கூடச் சான்றிதழின்படி எனக்கு 71.

ஆனால், கலைஞனின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்வது நம் மாநிலத்து வழக்கம் அன்று. அதை மணிக் கணக்கில் சொல்ல வேண்டும். மாவட்டந்தோறும் அரசு வழங்கும் கலை விருதுகளில் 18 வயது வரை உள்ளவர் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 தொடங்கிவிட்டால் கலை முதுமணி. நான் சுடர்மணிக்கு உரிய வயதில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். கொடைக் காலம் முடியட்டும் என்று எடுத்துவைத்தேன். கொடைக் காலம் முடிந்ததும் மழைக் காலம் போகட்டும் என்று எடுத்துவைத்தேன். இப்படியே என் சோம்பல் என்னைச் சுடர்மணியையும் நன்மணியையும் கடத்தி, முதுமணியில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. இந்தப் பிரிவில் ஒரு வசதி உண்டு. இதற்கு மேல்வரம்பு கிடையாது என்பதால், இனி எவ்வளவு சோம்பியிருந்தாலும் வயது கடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி, "முதுமணிக்கு அப்புறம் மணி கிடையாது, சங்குதான். சீக்கிரம் எழுதிப் போடுங்க" என்றாள்.

இந்த வயதிலும் உங்கள் தலைமுடி கறுப்பாகவே இருக்கும் இரகசியம் என்ன?
*வாசகி, மார்த்தாண்டம்*

தேர்தல் தேதி நெருங்கும்போது சாலை கறுப்பதைப் போல, கொடைத் தேதி குறித்ததும் என் தலை கறுக்கும். இரண்டும் முதல் மழை வரைக்கும் தாங்கும்.

இரவு முழுவதும் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுகிறீர்களே, முழங்கால் ஒத்துழைக்கிறதா?
*மருந்துக்கடை ஊழியர், திசையன்விளை*

உட்காரும்போது ஒத்துழைக்கிறது, எழும்போதுதான் அதற்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. வில்லுப்பாட்டைப் பார்த்திராத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆளின் உயரத்தைவிட நீளமான வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, அதன் நாணை நான் இரண்டு வீசுகோல்களால் அடிக்க வேண்டும். வில்லில் கட்டிய மணிகள் அப்போது குலுங்கும். பக்கத்தில் குடக்காரர், எதிரே உடுக்கைக்காரர், அவர்களுக்கு அருகில் ஜால்ராவும் கட்டையும். வில்லின் முன் உட்கார்ந்தவன் காப்புப் பாடித் தொடங்கினால் மங்களம் பாடும்வரை எழக்கூடாது என்பது எங்கள் முறை. அந்த முறையை வகுத்தவருக்கு அப்போது இருபது வயதுதான் இருந்திருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடையில் மங்களம் பாடி முடித்து எழ முயன்றேன். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. உடுக்கைக்காரரின் தோளைப் பிடித்து ஒருவாறு நிமிர்ந்தவுடன், மரத்த காலில் இரத்தம் ஓடி, உடம்பு முழுவதும் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கிவிட்டது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் "ஆ... ஊ..." என்று வேறு கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவர் ஓடிவந்து என் கழுத்தில் மாலையைப் போட்டார். ஓர் அம்மாள் திருநீற்றுக் கொப்பரையை நீட்டி, "என் மகளுக்கு எப்பம்யா கலியாணம் நடக்கும்?" என்று கண்ணீரோடு கேட்டார். இது சாமி இல்லை தாயே, மூட்டுவாதம் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? "தையில்" என்று சொல்லிவைத்தேன். தையில் நடந்தும்விட்டது. இப்போது அந்த ஊருக்குப் போனால் பாட்டு முடிவதற்கு முன்பே, நான் எப்போது எழுவேன் என்று ஒரு வரிசை காத்திருக்கிறது. சாமியாடிக் குறி சொல்லும் கோவில் கோமரத்தாடி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அன்றாட வாழ்வில் உங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டுவது எது?
*வங்கி ஊழியர், தூத்துக்குடி*

என் விரல்தான். வீசுகோல் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோன விரல் இது. இதைக் கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில், உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காகச் சின்னக் கண்ணாடி ஒன்றின் மேல் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "துடைச்சிட்டு வைங்க தாத்தா" என்றாள் அங்கிருந்த பெண். வேட்டியில் துடைத்து வைத்தேன், சிவப்பு. "கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாருங்க" என்றார் வரிசையில் நின்ற ஒருவர், தடவினேன், சிவப்பு. எண்ணெய் பட்டதால் இயந்திரம் கெட்டுவிடும் என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டு, பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னாள். ஒன்பது விரல்கள் நான் இறந்துவிட்டதாகச் சாட்சி சொல்லின. இடக்கைச் சுண்டுவிரல் மட்டும், அது எந்த வேலையும் செய்யாமல் சொகுசாக இருந்த விரல் என்பதால், நான் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டது. உழைத்த ஒன்பதையும் நம்பாமல் உழைக்காத ஒன்றை நம்பும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஏதாவது ஒரு கட்சியில் பொறுப்பில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த எரிச்சல் கைப்பேசியில் வருவது. மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் ஒரு பெண் பிள்ளை அழைத்து, ஐந்து லட்சம் கடன் தருகிறேன் என்கிறது. போன வாரம் அப்படி அழைத்தபோது, தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் என் கடன் கதையைக் காப்பிலிருந்து தொடங்கி இராகத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளை வைத்துவிடும் என்று எதிர்பார்த்தால், வரிக்கு வரி "ஆமா சார், ஆமா சார்" என்று தாளம் தப்பாமல் போட்டது. எங்கள் குழுவில் ஆள் குறைவாக இருக்கிறது, ஓர் இரவுக்கு ஆயிரம் ரூபாய், வருகிறாயா மகளே என்று கேட்டேன். அதன்பிறகுதான் வைத்தது.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறார்கள். நடுச்சாமக் கொடையை எப்படி நடத்துகிறீர்கள்?
*கோவில் வரிக்காரர், ஆரல்வாய்மொழி*

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். நியாயமான விதி. எனக்கும் வயதாகிவிட்டதால், அடுத்த தெருக் கொடையில் குழாய் அலறும்போது இந்த விதியை எழுதியவரை நெஞ்சார வாழ்த்துவேன். என் கொடையில்தான் அதே விதி கொடுமையாகத் தெரிகிறது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கதையில் தெய்வத்தின் பிறப்பு, வளர்ப்பு, வரம் வாங்குதல், பழி தீர்த்தல் எல்லாம் பாடிச் சரியாக நடுச்சாமத்தில், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டைத் தொடங்க வேண்டும். கோமரத்தாடிக்கு அருள் இறங்குவது அப்போதுதான். இப்போது பத்து மணிக்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும் என்பதால், பிறப்பு முடிந்த கையோடு பழி தீர்த்துவிடுகிறோம். வளர்வதற்குத் தெய்வத்துக்கு நேரம் கொடுப்பதில்லை. முதல் ஆண்டு, ஒன்பதரை மணிக்குச் சாமி வருமா என்று ஊரே கவலையோடு பார்த்திருந்தது. ஒன்பது இருபதுக்கே வந்துவிட்டது. பின்னர்தான் தெரிந்தது, கோமரத்தாடிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆலையில் வேலை.

கதை பாடும்போது மறதி வந்தால் என்ன செய்வீர்கள்?
*கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

மறதி இருக்கிறது மகளே. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறக்கிறது; ஆனால் 1974-இல் என் குருநாதர், தாளம் தப்பியதற்காக வீசுகோலால் என் முட்டியில் அடித்த அடி எந்தக் கையில் விழுந்தது என்பது மறக்கவில்லை.

மேடையில் மறந்தால் அதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. அதன் பெயர் வர்ணனை. அடுத்து யார் வருகிறார் என்பது நினைவுக்கு வராவிட்டால், அவர் வரும் ஊரை வர்ணிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஆற்றைச் சொல்லலாம், வயலைச் சொல்லலாம், வயலில் நட்ட நெல்லின் வகைகளைச் சொல்லலாம், அவர் ஏறிவரும் குதிரையின் பிடரியையும் சேணத்தையும் சொல்லலாம். அதற்குள் பெயர் வந்துவிடும். ஒருமுறை எனக்கு அரை மணி நேரம் ஆகியும் பெயர் வரவில்லை. நாஞ்சில் நாட்டில் விளையும் அத்தனை வாழை வகைகளையும், மட்டியில் தொடங்கி, சிங்கன், செந்துளுவன், பாளையங்கோட்டான், ஏத்தன் என்று பாடி முடித்துவிட்டு, பழத்திலிருந்து பலகாரத்துக்குத் தாவினேன். மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர், இப்படி விரிவாகப் பாட இப்போது யார் இருக்கிறார்கள் என்று பொன்னாடை போர்த்தினார்.

இதே மருந்தைத்தான் அரசியல்வாதிகளும் வைத்திருக்கிறார்கள். குடிதண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். உடனே தமிழின் தொன்மையை வர்ணிக்கத் தொடங்குவார். எனக்கும் அவருக்கும் ஒரே வேற்றுமை, எனக்குக் கடைசியில் நினைவுக்கு வந்துவிடும்.

வில்லுப்பாட்டுக்கும் அரசியலுக்கும் தொடர்பு உண்டா? நீங்கள் அரசாங்கத்துக்காகப் பாடியதுண்டா?
*வாசகர், கோவில்பட்டி*

தொடர்பு பழையது. கோவில் வாசலில் இருந்த வில்லைச் சிரிப்புக்கும் சீர்திருத்தத்துக்கும் திருப்பிவிட்டவர் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவரிடம் போய்ச் சேர்ந்த நெல்லைச் சீமைக்காரர் சுப்பு ஆறுமுகம், அந்த வில்லைச் சென்னை சபாக்கள் வரைக்கும் கொண்டுபோனார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எங்கள் பக்கத்தில் வில்லடிப்பவர்கள் எல்லோரும் தமக்கே கிடைத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட்டார்.

நான் பாடியது அவ்வளவு பெரிய இடங்களில் அன்று. எழுபதுகளின் கடைசியில் ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு பாடினேன். மேடைக்குப் பின்னால் சிவப்பு முக்கோணம் வரைந்த துணி. நான் "நாம் இருவர்" என்பேன், குடக்காரர் "நமக்கு இருவர்" என்பார். பிள்ளை பெருத்தால் சோறு சிறுக்கும் என்று ஒருவனுடைய பட்டினியைப் பாடி, கேட்பவர்களை அழவைப்பேன். பாடியதை நானே நம்பி இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். "நமக்கு இருவர்" என்று எதிர்ப்பாட்டுப் பாடிய குடக்காரருக்கு ஐந்து பிள்ளைகள். கேட்டால், "நான் பாடுனது நமக்குன்னுதானே, எனக்குன்னா பாடுனேன்?" என்று இலக்கணம் பேசுவார்.

இப்போது பாருங்கள். 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்து மாநிலங்களுக்கான நாடாளுமன்ற இடங்களின் எண்ணிக்கையை 1976-இல் மாறாமல் நிறுத்திவைத்தார்கள். பிறகு 2026-க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தார்கள். அந்தக் கெடு நெருங்கிவிட்டது. பிள்ளைகளைக் குறைத்த மாநிலத்துக்கு இடமும் பங்கு அளவில் குறைந்துவிடுமோ, நம்முடைய 39 இடங்கள் என்ன ஆகுமோ என்ற கவலை வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் அன்றைய முதலமைச்சர் ஒரு திருமண மேடையில், இந்த நிலையில் நாமும் பதினாறு பிள்ளைகளைப் பெற்றால் என்ன என்று தோன்றுகிறது என்ற பொருளில் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமணம் ஒன்றில், புதுமணத் தம்பதியர் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆந்திர முதலமைச்சரும் அதிகம் பெறச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்டவனுக்குத் தண்டனையா என்று எனக்கும்தான் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு என் பாட்டைக் கேட்டு நிறுத்திக்கொண்ட அத்தனை பேரும் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய வீட்டு வாசலில் நின்று பழைய மெட்டில் "நமக்குப் பதினாறு" என்று பாட எனக்கு வாய் வராது. குடக்காரர் மட்டும் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு, "நாட்டுக்காக நான் அப்பமே செய்து முடிச்சிட்டேன்" என்கிறார்.

தேர்தலில் எந்தக் கட்சிக்குப் பாடுவீர்கள்?
*டீக்கடைக்காரர், நாங்குநேரி*

முன்பணம் கொடுத்த கட்சிக்கு. ஆனால் அதைவிட முக்கியமாகச் சின்னத்தைப் பார்ப்பேன். இரண்டு தாளத்துக்குள் அடங்குகிற சின்னம் என்றால் பாட்டுத் தானாக ஓடும். ஒருமுறை சுயேச்சை ஒருவர் எரிவாயு சிலிண்டர் சின்னத்தோடு வந்துவிட்டார். இரவெல்லாம் முயன்றும் அது மெட்டில் உட்காரவில்லை. "உருளை" என்று சுருக்கிப் பாடினேன். வாக்காளர்கள் உருளைக்கிழங்கைத் தேடினார்களாம்.

85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் வசதி செய்து கொடுத்திருக்கிறது. எனக்கு இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை என் சுண்டுவிரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வில்லுப்பாட்டில் "ஆமாம்" போடுகிறவருக்கு உண்மையில் என்னதான் வேலை? எங்கள் உள்ளாட்சி மன்றத்திலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள்.
*முன்னாள் உறுப்பினர், சாத்தான்குளம்*

இது வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வி. ஆமாமில் மூன்று வகை உண்டு. முதல் வகை வெறும் "ஆமா". கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று பொருள். இரண்டாம் வகை "ஆமா?" என்று முடிவில் தூக்குவது, அப்புறம் என்ன நடந்தது, அது எப்படி நடக்கும் என்று பொருள். மூன்றாவது "ஆமாமா..." என்று இழுப்பது, நீ அளக்கிறாய், எனக்குத் தெரியும் என்று பொருள். கதை சொல்கிறவனுக்குத் தலைக்கனம் ஏறும் இடத்தில் இந்த மூன்றாம் வகையைப் போட்டால், மொத்தத் திடலும் சிரித்து அவனைத் தரைக்கு இறக்கிவிடும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை அவன் சார்பில் கேட்பதுதான் அந்த ஆளின் வேலை. நீங்கள் சொல்லும் மன்றங்களில் முதல் வகை மட்டும்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதையும் தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் இந்தப் பொறுப்பு குடக்காரருடையது. எழுபதுகளின் கடைசியிலிருந்து என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஆறேழு ஆண்டுகளாக அவருக்குக் காது மந்தம். என் உதட்டைப் பார்த்து உத்தேசமாக ஆமாம் போட்டுவந்தார். ஒரு கொடையில் நான் நன்றி சொல்லும்போது, இந்த ஊர்த் தலைவர் கணக்கு வழக்கில் நேர்மையானவர் என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, "ஆமாமா..." என்று மூன்றாம் வகையை இழுத்துவிட்டார். கூட்டம் கைதட்டி அடங்கப் பல நிமிடங்கள் ஆயின. பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை.

இத்தனை ஆண்டுகளில் உங்கள் பாட்டை யாராவது குறை சொன்னதுண்டா?
*வாசகி, தென்காசி*

ஒருவர் உண்டு. மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு, குழுவில் எல்லோரும் பங்கு போட்டுக் குடக்காரருக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டிக்கொண்டு அவர் வந்த முதல் கொடை போன ஆவணியில், பணகுடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நடந்தது. நான் காப்புப் பாடிக் கதைக்குள் போனேன். ஒரு பத்தி முடித்து நிறுத்தினேன், ஆமாம் வரவில்லை. இன்னொரு பத்தி, அதற்கும் வரவில்லை. குடம் மட்டும் தாளத்தில் ஒலிக்கிறது. கருவி பழுதோ, மின்கலம் தீர்ந்ததோ என்று பார்த்தால், மனிதர் என்னையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டரை மணி நேரமும் ஒரே ஓர் ஆமாம்கூடக் கிடையாது. உடுக்கைக்காரரே அதையும் சேர்த்துப் போட்டுச் சமாளித்தார்.

மங்களம் பாடி, என்னை இருவர் தூக்கி நிறுத்தி, குறி கேட்க வந்தவர்களை அனுப்பிவிட்டு, திடலுக்கு வெளியே சுக்குக் காப்பி குடிக்கும்போது, "ஏன்வே வாயே திறக்கல?" என்று கேட்டேன். அவர் காதிலிருந்து கருவியை மெதுவாகக் கழற்றி, மேல்துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

"இத்தன வருசமும் இதையாவே பாடிக்கிட்டு இருந்தீரு?" என்றார்.